தனிக்குடித்தனம் போன லேப்டாப்

எந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. துணி துவைக்கும் எந்திரம், மிக்ஸி, வெந்நீர் போடும் கருவி என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். நீங்கள் அதைப் பிரிக்காமலே பரணில் போட்டிருப்பீர்கள். அதை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. எந்திரம் பழுதானால் கடைக்காரரைத் திட்டுகிறார்கள், கம்பெனியைத் திட்டுகிறார்கள். என்னைத் திட்டுகிற அளவுக்குக்கூட இதுவரை யாரும் படித்ததில்லை.

அதனால் மனிதர்களைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. எச்சரிக்கை என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டுக் கட்டம் கட்டிப் போட்டால், மற்றதைப் படித்தாலும் படிப்பார்கள், அதை மட்டும் படிக்கமாட்டார்கள். என் கணவர் ஒருவர்தான் இதற்கு விதிவிலக்கு என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு பெரிய அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருந்தார். அங்கே அவருக்குப் பூட்டு என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் பூட்டு. பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று போனில் கேட்டால் தரமாட்டார். அவருடைய அறைச் சுவரில் டிக்கெட் கொடுக்கிற இடம் மாதிரி ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அங்கே நேரில் வந்து நிற்க வேண்டும். பெயர் என்ன, ஊழியர் எண் என்ன, எந்த மாடி, யாருக்குக் கீழே வேலை என்று நாலு கேள்வி கேட்பார். தினமும் சேர்ந்து டீ குடிக்கிற ஆளாக இருந்தாலும் கேட்பார். ஒரு முறை நிர்வாக இயக்குநரே போன் செய்தபோது, "குரல வெச்சு ஆள நம்ப முடியாது சார், கொஞ்சம் கீழ வந்துட்டுப் போங்க" என்றார். அவரும் இறங்கி வந்தார். எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற எல்லோரும் இந்தக் கதையை இரண்டு தடவையாவது கேட்டிருப்பார்கள். பால்காரர் உட்பட.

அவர் எழுதிவைத்த விதிகளிலேயே அவருக்கு மிகவும் பிடித்தது வெளியேறுகிறவர்களைப் பற்றியது. யார் வேலையை விட்டுப் போனாலும், போகிற நாள் மாலை ஐந்து மணிக்கே அவருடைய கணக்கை அழித்துவிட வேண்டும். அழித்தால் அந்த ஆளின் பெயரோடு, அவர் கையிலிருந்த லேப்டாப்பைத் திறக்கும் ரகசிய எண்களான சாவிகளும் சேர்ந்து அழியும். நாற்பது வருடம் உழைத்தவர் என்றாலும் சரி, நேற்று வந்தவர் என்றாலும் சரி. போனவர்களின் கணக்கு திறந்து கிடப்பது வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஊருக்குப் போவது என்பார்.

அந்தப் பிரிவில் இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவன் என் கூடப்பிறந்த தம்பி. வீட்டில் அவனைச் சின்னவன் என்று கூப்பிடுவோம். தலையில் பாதி முடி போன பிறகும் சின்னவன்தான். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான். இரண்டு பேரும் ஒரே வண்டியில் போவார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள், வீட்டுக்கு வந்தும் எனக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொண்டிருப்பார்கள். மாமனும் மச்சானும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து என் அம்மாவுக்கே கொஞ்சம் பொறாமை.

போன மாதம் அந்தப் பிரிவுக்கு ஒரு தலைவரைப் போடப்போவதாகப் பேச்சு வந்தது. இவர் இரண்டு புதுச் சட்டை வாங்கினார். போட்டது சின்னவனை. மேலதிகாரி இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கமும் சொல்லியிருக்கிறார். ஆட்கள் உங்களைக் கண்டால் பயப்படுகிறார்கள், பாஸ்வேர்டு மறந்தால் உங்கள் ஜன்னலுக்கு வரப் பயந்து அதைத் துண்டுச்சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் ஒட்டிவைக்கிறார்கள் என்று. அது உண்மையாக இருந்ததுதான் இவருக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மாடி மாடியாகப் போய் கீபோர்டுகளைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். மறுநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்கும் சின்னவன்மேல் கோபம். தலைவர் ஆனதற்காக இல்லை. இரண்டு நாள் முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணவர் வீட்டுக்குள் நுழைந்த விதத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் அவன் பல தடவை போன் செய்தான், நான் எடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் சொத்து ஒன்றும் பெரிதாக இல்லை. வீம்பைத்தான் ஆளுக்குச் சமமாகப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது என் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கையேடுகளில் எழுதியவர் பெயர் போடமாட்டார்கள். அது எனக்குப் பழகிப்போனதுதான். ஆனால் இந்த வருடம் ஒரு பதிப்பாளர், குழந்தைகளுக்காக ஒரு புத்தகம் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். வீட்டிலிருக்கிற எந்திரங்கள் உள்ளே என்ன செய்கின்றன என்று சொல்கிற புத்தகம். அட்டையில் என் பெயர் வரும் என்றார். போனை வைத்துவிட்டு நான் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தையல் எந்திரம், கழிப்பறைத் தொட்டி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, படம் வரைந்து, ஐந்து மாதம் எழுதினேன். கழிப்பறைத் தொட்டிக்குள் மிதக்கிற அந்தப் பந்து, தண்ணீர் எப்போது போதும் என்று தனக்குத்தானே முடிவெடுக்கிறதே, அதைப் பற்றி எழுதிய பக்கம்தான் என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல பக்கம். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

ஆரம்பத்திலேயே என் லேப்டாப் கண்ணை மூடிவிட்டது. "என்னோடதுல எழுது, பேங்க் லாக்கர் மாதிரி பத்திரமா இருக்கும்" என்றார் கணவர். அவருடைய அலுவலக லேப்டாப்பில் பென் டிரைவ் சொருகினால் வேலை செய்யாது. அது அவர் போட்ட தடை. சொந்த மின்னஞ்சலும் திறக்காது. அதுவும் அவர் போட்டதுதான். நகல் ஒன்று வேண்டுமே என்று நான் நச்சரித்தபோதெல்லாம், "நீ எழுதி முடி, ஒழுங்கா எடுத்துத் தர வேண்டியது என் பொறுப்பு" என்றார். நானும் நம்பினேன். பூட்டின் மனைவி பூட்டை நம்பாமல் வேறு யாரை நம்புவது? வியாழக்கிழமை முடித்தேன். திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் பதிப்பாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் அச்சகத்தில் அந்த இடத்துக்கு வேறொருவர் புத்தகம் தயாராக இருக்கிறது என்று அவர் ரொம்ப மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை கணவர் ஒரு பூங்கொத்தும் அந்த லேப்டாப்புமாக வந்தார். நீண்ட நாள் வேலை பார்த்தவர்கள் போகும்போது பழைய லேப்டாப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுவது அந்த அலுவலகத்தின் பழக்கம். பூங்கொத்தைக் குளியலறை வாளியில் போட்டார். சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தார்.

"வந்ததும் வராததுமா என்ன பண்றீங்க?"

"இத டொமைன்ல இருந்து வெளிய எடுக்கறேன். இனிமே இது அவங்க மிஷின் இல்ல."

டொமைன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தின் கணினிகள் எல்லாம் ஒரு கூட்டுக்குடும்பம். யார் உள்ளே வரலாம், யாருடைய பாஸ்வேர்டு எது என்பதெல்லாம் நடுவிலிருக்கிற பெரிய கணினிக்குத்தான் தெரியும். மற்றவை அதன் பேச்சைக் கேட்டுத்தான் கதவைத் திறக்கும். டொமைனை விட்டு வெளியேறினால் அந்த லேப்டாப் தனிக்குடித்தனம் போகிறது என்று அர்த்தம். தனிக்குடித்தனம் போகிறவர்கள் முதலில் புது வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்வார்கள் அல்லவா? அதுபோல லேப்டாப்புக்குள்ளேயே தனியாக ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் உண்டாக்கிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். சின்ன வேலை. மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை அவரே செய்து கொடுத்திருக்கிறார்.

அன்றைக்குச் செய்யவில்லை. கோபத்தில் இருக்கிற மனிதருக்கு வாசல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வெளியேறு என்று கட்டளை கொடுத்தார். திரையில் ஒரு கட்டம் வந்தது. வெளியேறிய பிறகு உள்ளே நுழைய, இந்தக் கணினியின் சொந்த நிர்வாகிக் கணக்குக்கான பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. நான் அவருக்குப் பின்னால் நின்று முழுதாகப் படித்தேன். தெளிவாகவே எழுதியிருந்தார்கள், ஒரு சொல் கூடுதல் இல்லை.

"ஏங்க, அதுல என்னமோ பாஸ்வேர்டு தெரிஞ்சிருக்கணும்னு போட்டிருக்கே?"

"எனக்கே சொல்லிக் குடுக்கறியா?"

சரி என்பதை அழுத்தினார். லேப்டாப்பை அணைத்து மறுபடி தொடங்கட்டுமா என்று கேட்டது. அதற்கும் சரி என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

லேப்டாப் அணைந்து எழுந்தது. பாஸ்வேர்டைப் போட்டார். அப்படியொரு டொமைனே இல்லை என்றது. மறுபடி போட்டார், மறுபடியும் அதையே சொன்னது. அடுத்த தடவை பாதியிலேயே அவர் விரல்கள் நின்றுவிட்டன. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா திறங்க."

மெதுவாகச் சொன்னார். லேப்டாப்புக்குள் நிர்வாகி என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். அதன் பாஸ்வேர்டை அலுவலகத்துப் பெரிய கணினி அவ்வப்போது தானாகவே மாற்றிவிடுமாம். எழுத்தும் எண்ணுமாகத் தாறுமாறாக இருக்குமாம். எந்த மனிதருக்கும் தெரியாதாம், அந்தப் பெரிய கணினியில் மட்டும்தான் இருக்குமாம்.

"இப்படி யாரு ஏற்பாடு பண்ணது?"

"நான்தான்."

"என் புத்தகம்?"

அவர் லேப்டாப்பை மூடினார்.

"சின்னவனுக்குப் போன் பண்ணுங்க. அவன் அதப் பாத்துச் சொல்லட்டும்."

"பிரயோஜனம் இல்ல. அஞ்சு மணிக்கே என் கணக்க அழிச்சிருப்பான். அதோட இந்த மிஷின் சாவியும் போயிருக்கும்."

"கேட்டுத்தான் பாக்கலாமே?"

"அழிக்காம விட்டிருந்தான்னா அவன் தலைவரா இருக்கவே லாயக்கில்ல" என்றார்.

அழித்திருப்பான் என்று அவர் நம்பியது நிஜம். கேட்பதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை என்பதும் நிஜம். இரண்டில் எது பெரிது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

சனிக்கிழமை முழுக்கத் தன் கோட்டையைத் தானே முற்றுகையிட்டார். பென் டிரைவிலிருந்து வேறொரு வழியாக உள்ளே நுழையப் பார்த்தார். அவரே வைத்த தடை வந்து நின்றது. அந்தத் தடையை எடுப்பதற்காக லேப்டாப்பின் அடிப்படை அமைப்பில் எதையோ மாற்றினார். உடனே அது உஷாராகிவிட்டது. யாரோ திருடன் கைவைக்கிறான் என்று நினைத்து, கோப்புகள் இருக்கிற வட்டையே பூட்டிக்கொண்டு, ஒரு நீளமான எண்வரிசையைக் கொடுத்தால்தான் திறப்பேன் என்று நீலத் திரையில் எழுதிக் காட்டியது. நேற்றுவரை ஒரு பூட்டு, இன்றைக்கு இரண்டு.

"இந்த நம்பர் எங்க இருக்கும்?"

"அதே எடத்துலதான்."

"இதையும் நீங்கதான் வெச்சீங்களா?"

"ரொம்ப நல்லா வேலை செய்யுது" என்றார். அந்த நிலைமையிலும் அவர் குரலில் ஒரு துளி பெருமை இருந்தது. என் கையில் கரண்டி இருந்தது; நான் அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் தெருவில் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்தேன். மின்விசிறி எப்படியோ வந்துவிட்டது. தையல் எந்திரம் நொண்டியது. கழிப்பறைத் தொட்டிக்கு வந்தபோது அந்தப் பந்தைப் பற்றி என்ன எழுதியிருந்தேன் என்பது தெரிந்தது, எப்படி எழுதியிருந்தேன் என்பது வரவில்லை. ஆறிப்போன சோற்றைச் சூடுபண்ணலாம், ஆனால் அது வடித்த சோறு ஆகாது. பேனாவை மூடிவைத்துவிட்டு அழுதேன். கோபத்தில் வருகிற அழுகை இல்லை, ஆள் போய்விட்டால் வருமே, அது.

அவர் வாசற்படியில் வந்து நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். "நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றார். அவர் கையெழுத்து மருந்துக்கடைக்காரருக்கே புரியாது. இருந்தாலும் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். அவர்மேல் இருந்த கோபம் அதில் பாதி போய்விட்டது. புத்தகம் மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து நான் தம்பிக்குப் போன் செய்தேன். மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்தான்.

"அக்கா!"

"நீ ஒண்ணும் பேசாத. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"சரிக்கா."

நடந்ததைச் சொன்னேன்.

"உள்ள ஒரு கணக்கு போடாமயா வெளிய எடுத்தாரு? மாமாவா?"

"பேசாதன்னு சொன்னேனா இல்லியா?"

"சரிக்கா."

"அவரு கணக்க அழிச்சிட்டியா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

பின்னால் யாரோ இருமுவது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "போன்ல சொல்லக்கூடாதுக்கா. மாமாவ கூட்டிக்கிட்டு, மிஷின எடுத்துக்கிட்டு நேர்ல வா" என்றான்.

"என்கிட்டயுமா?"

"யார்கிட்டயும். மாமா போட்ட ரூல்" என்றான்.

இருக்கிறது என்றால் இருக்கிறது என்று சொல்லியிருப்பான். இல்லாததை அக்காவிடம் போனில் சொல்ல மனசு வராமல்தான் நேரில் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். ஆனாலும் போவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் சொன்னதைக் கணவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். "அழிச்சாச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்குக் கூப்பிடறான்."

"சொல்லட்டும், கேட்டுக்கங்க."

"அந்த ஜன்னல்ல நான் போய் நிக்கணுமா?"

"ஆமா, நிக்கணும். உங்களுக்குப் பதவி வரலன்னு ஒரு மாசமா நானும் சேர்ந்து துக்கம் காத்தேன். கூடப்பிறந்தவன்கிட்டகூட பேசல. இது என் புத்தகம். பன்னெண்டு மணிக்கப்புறம் அது யாருக்கும் வேண்டாம். கிளம்புங்க."

தலைவர் ஆவதற்காக வாங்கிய சட்டைகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டார். அதுதான் தேய்த்து வைத்திருந்தது.

அலுவலக வாசலில் காவலாளி வழக்கம்போல எழுந்து சல்யூட் அடித்துவிட்டு, பிறகு சங்கடத்தோடு, "பார்வையாளர் அட்டை ஒண்ணு போட்டுக்கங்க சார்" என்றார். கழுத்தில் மாட்டிக்கொண்டார். லிப்டில் கண்ணாடி இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டு போனோம்.

ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். திரும்பி இவரைப் பார்த்ததும் பதறிப்போனார். "சாரி சார், இவ்வளவு நாளா மறக்கவே இல்ல சார், இன்னைக்குத்தான்..."

"பரவால்ல, மறக்கறதுதான்" என்றார் இவர்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அந்த வார்த்தையை அவர் இதற்குமுன் அந்த ஜன்னலில் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

எங்கள் முறை வந்தது. உள்ளே சின்னவன். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இளைத்தும் இருந்தான். கோபத்தோடுதான் போனேன், பார்த்ததும் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"உள்ள வாங்க மாமா, கதவு திறந்துதான் இருக்கு."

"வேண்டாம். முறைப்படி கேளு."

"மாமா..."

"கேளுன்னு சொல்றேன்ல."

சின்னவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பேரு?"

சொன்னார்.

"ஊழியர் எண்?"

சொன்னார்.

"எந்த மாடி?"

"இதே மாடி."

"சரி, போதும்" என்று சின்னவன் கணினிப் பக்கம் திரும்பினான்.

"இன்னொண்ணு இருக்கு."

"அது எதுக்கு மாமா?"

"கேளுடா."

சின்னவன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "யாருக்குக் கீழ வேலை?"

"உனக்குக் கீழ" என்றார் என் கணவர்.

எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். அவர்களும் கேட்டார்கள். சின்னவன் எழுந்து வந்து கதவை விரியத் திறந்து, எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய், அவர் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு தன் திரையை அவர் பக்கம் திருப்பினான்.

திரையில் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் நடுவில் என் கணவரின் பெயர், முழுப் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு. பக்கத்தில் அவருடைய லேப்டாப்பின் எண். அதற்கு நேரே இரண்டு சாவிகளும்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கணவர் சந்தோஷப்படவில்லை. அவர் முகம் சிவந்தது.

"இது ஏன் இன்னும் இங்க இருக்கு?"

சின்னவன் மேஜையிலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தான்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு எடுத்திருக்கணும். சனி, ஞாயிறு, இன்னைக்குத் திங்கள். வேலைய விட்டுப் போனவன் கணக்கு திறந்து கிடக்கு. நான் நெனச்சிருந்தா வீட்ல உக்காந்துக்கிட்டே இந்த ஆபீஸையே கவுத்திருக்கலாம். தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சும் ஏன் விட்ட?"

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு உக்காந்தேன். அழிக்கவான்னு கேக்குது. சும்மா கேக்கல மாமா, உங்க பேர முழுசா போட்டுக் கேக்குது. சனிக்கிழமை இதுக்குன்னே வந்தேன். நேத்தும் வந்தேன். எனக்குக் கை வரல."

என் கணவர் எதையோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அவருக்கு அடுத்த வார்த்தை கிடைக்காததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான்தான் பேசினேன். "ரெண்டு பேரும் அப்புறமா சண்ட போட்டுக்கங்க. மணி பதினொண்ணு ஆகப்போகுது."

சின்னவன் நீளமான எண்வரிசையைப் படித்தான், இவர் அடித்தார். ஒரு எண் தவறிப்போய் முதலிலிருந்து படித்தான். நீலத் திரை போயிற்று. அடுத்து நிர்வாகியின் பாஸ்வேர்டு. அது நிஜமாகவே தாறுமாறாகத்தான் இருந்தது. லேப்டாப் திறந்தது. முதல் வேலையாக இவர் உள்ளே தன் பெயரில் ஒரு கணக்கு உண்டாக்கினார். பிறகு பழைய பெயரில் இருந்த கோப்புறையைத் திறந்தார். முதலில் அனுமதி இல்லை என்றது, இரண்டு பேரும் சேர்ந்து அனுமதி வாங்கினார்கள். தலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன, எனக்குப் புரியாத அந்தப் பாஷை மறுபடியும் கேட்டது. புத்தகம் அங்கேயே இருந்தது. பந்து, தொட்டி, படம் எல்லாம். சின்னவனே அதைப் பதிப்பாளருக்கு அனுப்பினான். கிடைத்தது என்று பதில் வந்தபோது மணி பன்னிரண்டு ஆகவில்லை. நான் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். எங்கள் வீட்டில் அதற்கு நிறைய அர்த்தம் உண்டு. அவனுக்குப் புரிந்தது, சிரித்தான்.

கிளம்பலாம் என்று நான் பையை எடுத்தேன். கணவர் எழுந்திருக்கவில்லை.

"சரி, இப்ப எடு" என்றார்.

"என்னத்த மாமா?"

"என் பேர. இப்பவே எடு. இன்னும் ஒரு மணி நேரம்கூட இருக்கக்கூடாது."

"சாயங்காலம் எடுத்துடறேன்."

"சாயங்காலமும் உனக்குக் கை வராது."

சின்னவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு தன் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துக்கொண்டு, கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்தினார். தன் பெயரைத் தேர்ந்தெடுத்தார். திரை கேட்டது, அவன் சொன்ன மாதிரியே முழுப் பெயரையும் போட்டுக் கேட்டது. அவர் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தார், பிறகு அழுத்தினார். வரிசையில் கீழே இருந்த பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு படி மேலே ஏறிக்கொண்டன. அவ்வளவுதான், இடைவெளிகூட இல்லை.

ஒரு மாதமாக அவருக்காக நான் கோபப்பட்டிருந்தேன். அவர்மேலும் நிறையக் கோபப்பட்டிருந்தேன். பாவம் என்று நினைத்தது அந்த நிமிஷத்தில்தான்.

அவர் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இனிமே நான் வந்து எது கேட்டாலும் குடுக்கக்கூடாது" என்றார், ஜன்னலில் பேசுகிற அதே குரலில். "அக்கா கேக்கறா, மாமா கேக்கறாருன்னு பாக்கக்கூடாது. நான் இங்க யாரும் இல்ல. புரியுதா?"

"புரியுது மாமா" என்றான் சின்னவன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"புரிஞ்சா சரி" என்றார். சொல்லிவிட்டுக் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாதவர் மாதிரி அங்கேயே நின்றார். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.